மூன்று இடத்தில் சுல்தான்

லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார் தனக்கோடி
பூரணியின் வம்சத் தாளை.
மேஜையில் வைத்ததும் டியூப்லைட் அதில் வழுக்கியது.
மூன்று தலைமுறை, பதினான்கு கட்டங்கள்.
பேனா முனையால் எண்ணிப் பார்த்தேன்,
பெயர்கள் எட்டுதான்.

அப்பன் சுல்தான்.
அம்மாவைப் பெற்ற அப்பனும் சுல்தான்.
அந்த அம்மாவின் அம்மாவுக்கும் அவனே.
சுல்தானைப் பெற்றவர்களோ
ஒரே ஈற்றில் விழுந்த அண்ணனும் தங்கையும்.
பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்
தனித்தனிச் சொல் வைத்திருக்கிற மொழியில்
பூரணி அவனை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாள்?
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.
அவர் மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தார்.
"சுத்த ரோஸ் டாக்டர். ஒரு கறுப்புப் புள்ளி காட்டுங்க பாப்போம்.
ராஜபாளையத்துலயே இப்படிக் கிடையாது."

இந்த முறை வயிற்றில் சுமப்பது
சுல்தானின் இன்னொரு மகனுடையதை.

வலி கண்ட இரவு நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தது.
அவர்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
நடுவே நாற்பத்திரண்டு பெட்டி.
போனில் அவர் மனைவி தையல்நாயகி:
"முக்கவே மறந்துட்டா மேடம்.
சும்மா என்னயே பாத்துக்கிட்டு கெடக்கா."

வயிற்றைத் திறந்தபோது மணி ஒன்று நாற்பது.
மூன்றே குட்டிகள்.
ஒன்று பல நாள் முன்பே நின்றுபோய்
ஊறவைத்த புளி மாதிரி இருந்தது.
அடுத்தது நன்றாக அழுதது;
வாய்க்குள் விரல் விட்டேன், மேலண்ணம் பிளந்திருந்தது.
கொடுத்த பாலெல்லாம் மூக்கில் வந்தது.
விடியும் வரை இருந்தது.
மூன்றாவது தேறிக்கொண்டது.
பால்வெள்ளை. ரோஸ் மூக்கு.

அதே வாரம் ஆஸ்பத்திரிக் கொல்லையில்
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
ஊர் பேர் இல்லாத செவலை ஒன்று
ஏழு போட்டிருந்தது, யாரையும் எழுப்பாமல்.
(ஏழில் மூன்றை லாரியும் மழையும் கொண்டுபோயின.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்கு வந்தார்கள்.
விதை ஒன்றுதான் இறங்கியிருந்தது.
குட்டி மேஜையிலேயே தூங்கிப்போனது.
ஸ்டீல் டிரேயை அதன் தலைக்குப் பின்னால்
தரையில் போட்டேன்.
வராண்டாவில் ஓர் ஆடு அலறியது.
தனக்கோடி துள்ளினார்.
குட்டி தூங்கியது.

"குறுவைக்கு விதைநெல் எங்க எடுக்குறீங்க?" என்றேன்.
"போன வருஷம் கூத்தாநல்லூரு, இந்தத் தடவை பூதலூர்ப் பக்கம்.
நம்ம வயல் நெல்லையே திருப்பித் திருப்பி விதைச்சா
கண்டுமுதல் குறைஞ்சிடும்ல..."
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
ஃபேன் சுற்றியது.
"அது நெல்லு டாக்டர்."

மருந்துச் சீட்டின் பின்புறம் கோடு போட்டுக் காட்டினேன்.
எல்லார் ரத்தத்திலும் ஒன்றிரண்டு பழுது
பதுங்கிக் கிடக்கும், தொல்லை இல்லை.
தன்னைப் போலவே இன்னொன்றைச் சந்திக்கும்போதுதான்
எழுந்து வெளியே வரும்.
காதில் வரும், அண்ணத்தில் வரும்,
கருத்தரிக்காத வயிறாக வரும்.
தனக்கோடிக்கு அப்போது போன் வந்தது,
தஞ்சாவூரிலிருந்து யாரோ, குட்டி என்ன விலை என்று.

தையல்நாயகிதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.
தனக்கோடியின் அக்கா மகள் அவள்.
குட்டியை மடியில் எடுத்து
அதன் காதுமடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள்
தலை நிமிராமல் கேட்டாள்:
"நாய்க்குமா மேடம்?"

அந்த உம்மையில் என்ன இருந்தது என்று
எனக்குப் பிடிபட நேரமானது.
அதற்குள் கேட் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது.
"மாட்டிக்குவோம், வா வா" என்று அவர் ஓடினார்.
மாட்டிக்கொண்டார்கள்.
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
மன்னார்குடி வண்டி ஹாரன் அடித்தபடி கடந்தபோது
டாடா ஏஸின் முன்சீட்டில்
தையல்நாயகி இரண்டு கையாலும்
குட்டியின் காதுகளைப் பொத்தியிருந்தாள்.